வாடை இல்லாத காகிதம்

ஈச்சமேட்டுக்காரர்களுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிசு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், சிப்காட் கம்பெனிகளுக்குப் பின்பக்கமாக ஒண்டிக்கொண்டு கிடக்கிற ஊர் அது. மற்ற ஊர்க்காரன் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பான். இவர்கள் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அழுகின முட்டை வாடை, கெட்டுப்போன பலாப்பழ வாடை, தீய்ந்த சர்க்கரை வாடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். நகப்பாலிஷ் வாடை வந்தால் மட்டும் பெண்கள் சிரித்துக்கொள்வார்கள், "இன்னிக்கிக் காத்து சீவி சிங்காரிச்சிகினு வருதுடி" என்று. வாடை வந்தால் கதவைச் சாத்து, வாடை போனால் கதவைத் திற. பிறந்த குழந்தைக்குக்கூட அங்கே அதுதான் முதல் பாடம். கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துத்தான் குடத்தில் ஊற்றுவார்கள். வாடை இல்லாத ஒன்றை அந்த ஊரில் யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. வினை அங்கேதான் இருந்தது.

பிரிசில்லா மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அன்பரசுவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளுக்கு எல்லா வாடையும் ஒன்றுபோலத்தான் இருந்தது, எல்லாவற்றுக்கும் குமட்டினாள். நாளாக நாளாக அவள் மூக்கும் ஊரோடு சேர்ந்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் தங்காமல் வருஷங்கள் ஓடின. வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள், சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். இரண்டில் எது பலித்ததோ, கடைசியில் சகாயமேரி பிறந்தாள். அந்தப் பிள்ளையைத் தரையில் விட மனசு வராமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சோறு வடிப்பாள் பிரிசில்லா. "புள்ளைய எறக்கி வுடுடி, தேஞ்சா பூடும்?" என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் கேலி செய்வாள். "தேஞ்சி பூட்டா என்னா அத்த பண்றது?" என்று இவள் நிஜமாகவே கேட்பாள்.

அன்பரசு ஐ.டி.ஐ. படித்தவன். சாயச் சரக்கு செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை. பர்மனன்ட் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஒன்பது கிறிஸ்துமஸுக்குள் கண்டிப்பாக ஆகிவிடும் என்று சூப்பர்வைசர் வாயாலேயே சொல்லியிருந்தார். ஆகிவிட்டால் இந்த ஊரை விட்டுக் கடலூருக்குள் வீடு பார்த்துப் போய்விடலாம் என்பது புருஷன் பெண்டாட்டி இருவரின் கனவு. பிள்ளை நல்ல காற்றில் வளரும் அல்லவா.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அன்பரசு டி.வி.எஸ். பிப்டியின் பின்னால் ஒரு காகிதக் கட்டைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். பிரித்துப் பார்த்த பிரிசில்லாவுக்கு வாய் மூடவில்லை. அவ்வளவும் மஞ்சள். ஓரத்தில் எலுமிச்சை, நடுவில் மாம்பழம், சிலதில் கிச்சிலிப்பழ நிறம். கடையில் விற்கிற கலர்ப் பேப்பர்போல வழவழவென்று இல்லாமல், தடிமனாக, பஞ்சுபோல மெத்தென்று இருந்தது.

"ஏதுங்க இது?"

"சரக்கு வடிகட்ற பேப்பர். ஒரு தபா வடிச்சா கடாசிடுவாங்க. குப்ப லாரிக்குப் போவுது. நம்ம புள்ளைக்கி வெளாட ஆவுமேன்னு எடுத்தாந்தேன். ரெண்டு தண்ணி போட்டு அலசிக் காய வச்சதுதான்."

தங்கம்மாளின் புருஷன் லூர்துசாமி அதே கம்பெனியில் ரொம்ப நாள் ஆள். வேலிப்படல் வழியாக எட்டிப் பார்த்தவர் உள்ளேயே வந்துவிட்டார்.

"கேட்ல ஒண்ணும் கேக்கலியா மாப்ள?"

"வாச்மேனே ஒரு கட்டு எடுத்து வச்சிகினான் மாமா, அவன் புள்ளைக்கி நோட்டுக்கு அட்ட போட."

"ஆனா சூப்பர்வைசர் கண்ணுல படாம பாத்துக்க. வெளிய ஒரு துரும்பு போச்சின்னாலும் அவுட்டுன்னு போன மாசம்தான் மீட்டிங் போட்டுக் கத்துனான்."

"அவன் எதுக்குத்தான் கத்தல? கிளவுஸ் போடுன்னும்தான் கத்துறான். யாரு போடுறா?"

லூர்துசாமி ஒரு தாளை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து மோந்தார். அந்தத் தெருவில் அவர் மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. "சுத்தமா வாடையே இல்ல மாப்ள. நல்ல பேப்பர்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்பரசுவும் மோந்து பார்த்தான். பிரிசில்லாவும் மோந்து பார்த்தாள். மழையில் நனைந்து காய்ந்த அட்டை வாசனைதான் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

பிரிசில்லாவுக்குக் கைவேலை என்றால் உயிர். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது காகிதத்தில் குருவி மடிக்கக் கற்றுக்கொண்டவள். குருவிக்குச் சதுரத்தாள் வேண்டும். இந்தத் தாளோ வண்டிச்சக்கரம்போல வட்டம். கத்திரிக்கோலெல்லாம் அவள் தேடமாட்டாள். தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, நாக்கு நுனியால் ஒரு இழுப்பு இழுத்து ஈரம் பண்ணி, இரண்டு பக்கமும் பிடித்து விலக்கினால் பிளேடு போட்டாற்போல நேராகக் கிழியும். பள்ளிக்கூடத்துப் பழக்கம். சாதாரணக் காகிதம் சமயத்தில் பிசிறடிக்கும். இது எச்சிலைக் குடித்துக்கொண்டு சொன்னபடி கேட்டது. கொஞ்சம் கசந்தது. காகிதம் பின்னே இனிக்கவா செய்யும் என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

குருவி, மீன், கத்திக்கப்பல், ஐந்துமுனை நட்சத்திரம் என்று ஒரு முறம் நிறைய மடித்துவிட்டாள். தென்னை ஈர்க்குச்சிகளைச் சீவி, நூலில் கட்டித் தொங்கல் செய்தாள். பார்க்கத்தான் அது சுலபம். ஒரு குச்சியின் இந்த முனையில் குருவி, அந்த முனையில் இரண்டு மீன் என்றால், நடுவில் நூல் கட்டுகிற இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது, சட்டென்று ஒரு இடத்தில் குச்சி மட்டமாக நின்றுவிடும். அந்தக் குச்சியை இன்னொரு குச்சியில் கட்டு, அதை இன்னொன்றில் கட்டு. எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று இடிக்காமல் தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தபோது, "அடியாத்தே!" என்று தானே கையைத் தட்டிக்கொண்டாள். அதைக் கொண்டுபோய் உத்திரத்தில், புடவையில் கட்டியிருந்த ஏணைக்கு நேர்மேலே, பிள்ளை காலை உதைத்தால் தொடுகிற தாழ்வில் கட்டினாள்.

சகாயம் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஈறு மொத்தமும் தெரிந்தது. கையை நீட்டி ஒரு குருவியைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள்.

"அய்ய, வாயில வைக்கிறா அண்ணி" என்றாள் ஜெயராணி. அன்பரசுவின் தங்கை, அவர்களோடுதான் இருந்தாள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர்.

"வச்சா என்னா, வெறும் பேப்பர்தான. கடையில விக்கிற பொம்ம சாயம்தான் கெட்டது. இதுல சாயம் ஒட்டுதா பாரு" என்று பிரிசில்லா குருவியைத் தன் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினாள். லேசாக மஞ்சள் ஒட்டியது. மஞ்சள்தானே, ஒட்டினால் என்ன என்று இருவரும் விட்டுவிட்டார்கள். சப்பிச் சப்பிக் கூழான குருவியை எடுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே புதுசு ஒன்று கட்டினாள்.

"எனக்கும் ஒரு கட்டுப் பேப்பர் குடு அண்ணி. கிறிஸ்மஸுக்கு கிளாஸ் பூரா தொங்க வுடப்போறேன். எங்க சிஸ்டர் அசந்து பூடணும்."

"உங்க அண்ணன கேளு."

"அவரு தங்கச்சின்னா உசுர குடுப்பாரு, பேப்பர் குடுக்க மாட்டாரா?"

குடுத்தான். எங்கே வாங்கினது என்று கேட்டால் பாண்டிச்சேரியில் வாங்கினது என்று சொல்லச் சொன்னான்.

கார்த்திகை பிறந்து காற்று திரும்பியது. பகலில் கடல் பக்கத்திலிருந்து அடிப்பது சாயங்காலமானால் கம்பெனிப் பக்கத்திலிருந்து அடித்தது. பலாப்பழ வாடையும் முட்டை வாடையும் மாறி மாறி வந்தன. தெரு முழுக்கக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பிரிசில்லாவுக்கு ஓயாத தலைவலி. நாலு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது. பிள்ளையும் முன்போல உதைப்பதில்லை. பால் குடிக்கும்போதே அசந்து தூங்கிப்போனாள்.

தங்கம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தவள், "ஏண்டி, புள்ளைக்கி நாவப்பழம் கீவப்பழம் குடுத்தியா?" என்றாள்.

"கார்த்திகையில எங்க அத்த நாவப்பழம்?"

"ஒதட்டப் பாருடி."

உதடு நாவல் நிறத்தில் இருந்தது. விரலைப் பிரித்துப் பார்த்தால் நகக்கண்ணிலும் அதே நிறம்.  குளிராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பிரிசில்லா கம்பளியைச் சுற்றினாள். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து கொடுத்தார்கள். வசம்பு சுட்டு உரசினார்கள். சர்ச்சு சாமியார் வந்து தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். கடலூரில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். அங்கிருந்த டாக்டர் சளி என்று சொல்லி, மெஷினில் மருந்துப் புகை பிடிக்க வைத்து அனுப்பினார். ஒன்றும் கேட்கவில்லை.

"கொஞ்ச நாளு உங்கண்ணன் வூட்டுக்குப் போயி இருந்துட்டு வா" என்றான் அன்பரசு.

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போனதும் பிள்ளை தேறிவிட்டாள். உதடு சிவந்தது, காலை உதைத்தாள், கன்னம் உப்பியது. பிரிசில்லாவின் தலைவலியும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, குடில் கட்டவேண்டும், புருஷனுக்கும் நாத்திக்கும் பொங்கிப் போட ஆளில்லை என்று திரும்பி வந்தாள். வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, மறுபடி அதே நாவல்.

இதற்குமேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அங்கே நல்ல காற்று, இங்கே கெட்ட காற்று. கண்ணாடிபோலத் தெரிகிறது. தெருவே அதைத்தான் சொன்னது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அத்தனை வருஷமாக அந்தக் காற்று அவர்களை அப்படித்தான் பழக்கி வைத்திருந்தது.

"இந்தக் காத்துதான் புள்ளைய திங்குது" என்று அன்பரசு பல்லைக் கடித்தான். "எனக்கு மட்டும் பர்மனன்ட் ஆவட்டும், ஒரு நிமிசம் இங்க இருக்க மாட்டேன்."

"அது ஆவறவரைக்கும் புள்ள தாங்கணுமேங்க" என்று பிரிசில்லா அழுதாள்.

"ஜன்னல அடச்சிடலாம்."

ஜன்னல் பலகைகள் பழசு, விரல் நுழைகிற சந்து. மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டினாள். அந்தச் சந்துகளை எதைக் கொண்டு அடைப்பது? வீட்டில் தடிமனாக, காற்றுப் புகாமல், வாடையில்லாமல் இருந்தது அந்தக் காகிதம்தான். நாக்கால் ஈரம் பண்ணிப் பட்டைப் பட்டையாகக் கிழித்து, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஒரு பொட்டுச் சந்து விடாமல் ஒட்டினார்கள். கதவிடுக்கிலும் சுருட்டிச் செருகினார்கள். வெயில் விழுந்தபோது அறை முழுக்க மஞ்சள் குளித்தாற்போல ஆகிவிட்டது. சோர்ந்து கிடந்த பிள்ளை அந்தத் தொங்கலைப் பார்த்தால் மட்டும் லேசாகச் சிரிக்கிறாள் என்று, இன்னும் கொஞ்சம் குருவிகளை மடித்துப் பெரிசாகக் கட்டினாள் பிரிசில்லா. வெளியிலிருந்து ஒரு துளி வாடை உள்ளே வரவில்லை. "இப்பத்தாங்க நிம்மதி" என்றாள். அந்த வார்த்தையைப் பின்னால் நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். காலையில் ஜெயராணி காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகளை வைத்தே குருவி மடிக்க வைத்துத் தொங்கல் கட்டப் போகிறார்களாம். மறுநாள் விழா. "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லிக் குடுக்கறேன் அண்ணி" என்று சிரித்துவிட்டுப் போனாள். அன்பரசுவும் வேலைக்குப் போய்விட்டான்.

பத்து மணிவாக்கில் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஏணையை விலக்கின பிரிசில்லா அலறினாள். தங்கம்மாள் ஓடி வந்தாள். பிள்ளை உடம்பு மொத்தமும் ஈயச்சட்டி நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயோரம் ஒரு குருவியின் இறக்கை ஒட்டியிருந்தது. பிரிசில்லா அதைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தூக்கினாள்.

"சகாய மாதாவே, என் புள்ளைய என்கிட்டயே வுட்டுடு" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினாள். நூற்றெட்டு வண்டியைக் கூப்பிட்டது நைட் ஷிப்டு முடிந்து வீட்டில் இருந்த லூர்துசாமிதான். கம்பெனி வாசலில் நிறுத்தி அன்பரசுவையும் ஏற்றிக்கொண்டு வண்டி சிதம்பரத்துக்குப் பறந்தது. ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று, வெள்ளாற்றுப் பாலமும் போயிற்று. பிள்ளையின் முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்திருந்தார்கள். வண்டியில் இருந்த பையன் மூடியைத் தூக்கித் தூக்கி உதட்டைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் வாடியதைப் பிரிசில்லா பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி. பிள்ளையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். எடுத்தவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ரத்தம் சிவப்பாக இல்லை. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. பிரிசில்லா புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பாலும் கஞ்சியும்தாங்க டாக்டர்."

"நாட்டு மருந்து? கிணத்துத் தண்ணி?"

"தண்ணியெல்லாம் காய்ச்சித்தான். காத்து டாக்டர், எங்க ஊரு காத்து. கம்பெனி வாடை. அதான் புள்ளைய இப்படிப் பண்ணிடுச்சி" என்றான் அன்பரசு.

"காத்துன்னா உங்க தெருவுல இருக்கற எல்லாக் குழந்தையும் வந்திருக்கணுமே. இவ மட்டும்தான வந்திருக்கா?"

அன்பரசு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அப்படி யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

"நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"சாய கம்பெனியில."

"அங்கேருந்து வீட்டுக்கு எதாவது கொண்டு வந்தீங்களா? டிரம், சாக்கு, துணி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ரத்தத்துல ஏதோ ஒரு கெமிக்கல் போயிருக்கு. அது எதுன்னு தெரிஞ்சாத்தான் நான் துணிஞ்சி மருந்து போட முடியும்."

"இல்லீங்க டாக்டர். ஒண்ணும் கொண்டாரல."

பட்டென்று சொல்லிவிட்டான். சொல்லும்போதே அவன் கை பிரிசில்லாவின் கையை இறுக்கியது. பர்மனன்ட் லிஸ்ட் அந்த வாரம் வருகிறது. ஒரு துரும்பு வெளியே போனாலும் அவுட். அந்த நேரத்தில் அவன் மனசு எங்கே ஓடிற்று என்று பிரிசில்லாவுக்குத் தெரிந்தது. பிள்ளை மேல் இல்லாத பாசமில்லை அவனுக்கு. அந்த வேலை கிடைத்தால்தான் பிள்ளைக்கு நல்ல காற்று என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவளும் ஒரு நிமிஷம் அவன் கையை விடவில்லை.

டாக்டரம்மா பிரிசில்லாவைப் பார்த்தாள். "உங்களுக்கு மூச்சு வாங்குதா? தலைவலி?"

"ரொம்ப நாளா."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினாள். நாக்கு நுனி மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தது. சுற்றிலும் உதடு கறுத்திருந்தது. "என்னம்மா இது?" என்றாள் டாக்டர்.

பிரிசில்லா புருஷன் கையை உதறினாள். "பேப்பர் டாக்டர். கம்பெனி பேப்பர். இவருதான் எடுத்தாந்தாரு. நான்தான் நாக்கால தடவித் தடவிக் கிழிச்சி குருவி பண்ணேன். புள்ளைக்கி மேல தொங்க வுட்டேன். அவ சப்புவா. ஜன்னல் பூரா அதத்தான் ஒட்டி வச்சிருக்கோம்."

"அதுல வாடையே இல்ல டாக்டர்!" அன்பரசுவின் குரல் உடைந்துபோயிற்று. "நானே மோந்து பாத்தேன். மாமாவும் மோந்து பாத்தாரு. சத்தியமா வாடையே இல்ல."

"வாடை இருந்திருந்தா நீங்க வீட்டுக்குள்ளயே கொண்டு வந்திருக்க மாட்டீங்களே" என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஊசியில் ஏற்றின மருந்து நல்ல நீலம், துணிக்குப் போடுகிற நீலம்போல. நீலம் பூத்துக் கிடக்கிற பிள்ளைக்குள் மேலும் நீலத்தை ஏற்றுகிறார்களே என்று பிரிசில்லாவுக்குப் பதறியது. வேண்டாம் என்று கையைப் பிடித்துவிடப் போனாள். நர்ஸ் அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். ஜெபமாலையைக்கூட எடுத்து வரவில்லை. விரல்களையே மணியாக உருட்டினாள். அன்பரசு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தான். அவனைத் தடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

முதலில் உதடு மாறியது. பிறகு காது. பிறகு உள்ளங்கால். ஈயம் தேய்ந்து தேய்ந்து ரோஜா நிறம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து, ஊசி குத்தின கையை இழுத்து, வீறிட்டு அழுதாள். அழுகையா அது! பிரிசில்லா அங்கேயே குந்திவிட்டாள்.

"பிழைச்சிக்குவா" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டு நாள் இங்கயே வச்சிப் பாக்கணும். உங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும். அந்தப் பேப்பர் வேற எங்கெல்லாம் இருக்கு?"

அன்பரசு விரலை மடக்கி எண்ணினான். வீட்டு ஜன்னலில் இருக்கிறது. வாச்மேன் பிள்ளையின் நோட்டில் இருக்கிறது. பிரிசில்லாவுக்கு அப்போதுதான் சுரீரென்றது.

"ஜெயராணி!" என்று எழுந்தாள். "போன குடுங்க."

அவன் சட்டைப்பையில் கைவைத்தவன் அப்படியே நின்றான். "இரு பிரிசில்லா. ஸ்கூல்ல தெரிஞ்சா எங்க வாங்கினதுன்னு கேப்பாங்க. கம்பெனி வரைக்கும் போவும். இன்னும் ரெண்டு நாளுதான், லிஸ்ட் வந்துட்டுதுன்னா—"

"உங்க லிஸ்ட்ல மண்ணு வுழ!" அவள் அவன் பையிலிருந்து போனைப் பிடுங்கினாள். பை கிழிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். கடைசியில் ஜெயராணியின் குரல் வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது, ஆனால் வழக்கமான இரைச்சலாக இல்லை. யாரோ ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி! புள்ள எப்டி இருக்குது? லூர்து மாமா போன்ல சொன்னதுலேந்து எனக்கு மனசே சரியில்ல."

"புள்ள பொழச்சிகிச்சி. ஜெயா, நான் சொல்றத கேளு. அந்தப் பேப்பர்—"

"மாதாவுக்கு நன்றி! இங்கயும் இன்னிக்கி ஒரே ரோதன அண்ணி. மத்தியானத்துலேந்து ரெண்டு மூணு புள்ளைங்க தல சுத்துதுன்னு படுத்துடுச்சிங்க, ஒண்ணு வாந்தி எடுக்குது. காத்து சரியில்ல போலருக்கு, கம்பெனி வாடை இவ்ளோ தூரம் வருது பாரேன். நீ கவலப்படாத. நான் எல்லாப் புள்ளைங்களயும் உள்ள உக்கார வச்சி, கதவு ஜன்னல் ஒண்ணு வுடாம சாத்திட்டேன்."